வயசானா அப்படித்தானா?

அப்பத்தாவுக்குக் கடைசி மூணு வருஷம் எங்களை அடையாளம் தெரியலை. "நீ யாரு வீட்டுப் புள்ளப்பா?"ன்னு என்கிட்டயே கேக்கும். வயசானா அப்படித்தான்னு விட்டுட்டோம். இது எவ்வளவு பழைய தப்புன்னு இந்த நோயோட வரலாற்றைப் படிச்சப்பதான் புரிஞ்சது.

1901 நவம்பர். ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனையில் அகுஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைச் சேர்த்தார்கள். டாக்டர் அலோயிஸ் அல்சைமர் பெயர் கேட்டார். அகுஸ்டே என்றார். கணவர் பெயர்? அதற்கும் அகுஸ்டேதான்.

1906 ஏப்ரலில் அவர் இறந்தார். அப்போது ம்யூனிக்கில் இருந்த அல்சைமர், அவருடைய மூளையை வரவழைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிவுகள், உள்ளே முறுக்கிய இழைகள். நவம்பரில் ட்யூபிங்கனில் நடந்த மருத்துவர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னார். ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கலை. பின்னூட்டமே விழாத நம்ம பதிவு மாதிரி :-)

1910-ல் எமில் கிரெப்லின் தன் பாடநூலில் இதற்கு அல்சைமர் பெயரையே வைத்தார். ஆனா ஒரு வம்பும் கூடவே வந்தது. நடுவயசில் வந்தால் அல்சைமர், அபூர்வ நோய். கிழவன் கிழவிக்கு வந்தால்? அது வெறும் முதுமை! அரை நூற்றாண்டுக்கு மேல் இப்படியே ஓடிச்சு. 1976-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மேன், ரெண்டும் ஒரே நோய்தான், அது அபூர்வமும் இல்லை என்று அடித்து எழுதினார். நோய்னு ஒத்துக்கிட்டாத்தானே மருந்து தேடுவாங்க?

தேடி, 2023-ல் லெகனமாப் மருந்துக்கு அமெரிக்கா முழு அனுமதி கொடுத்தது. ஆரம்ப நிலையில் நோயை ஓரளவு மெதுவாக்கும். போன ஞாபகம் திரும்பாது. மூளை வீக்கம், ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு.

என்னை உலுக்கினது வேற. 2024-ல் லான்செட் குழுவின் அறிக்கை 14 காரணிகளைப் பட்டியல் போட்டது. எல்லாத்தையும் சரிசெய்தால் சுமார் 45% மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருக்காம். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, புகை, தனிமை... அந்த வரிசையில் காது கேளாமையும் இருக்கு.

அப்பத்தாவுக்குக் காது மந்தம். கத்திப் பேசிட்டுச் சிரிப்போமே தவிர, ஒரு காது மெஷின் வாங்கித் தரலை. அதனாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது. இருந்தாலும் உறுத்துது.

இப்போ அம்மா டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறாங்க. "வயசானா அப்படித்தாண்டா"ங்கிறாங்க. சனிக்கிழமை காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.