மிஷின் வாள் முதல் ஹார்வெஸ்டர் வரை: மரம் வெட்டும் ஆபரேட்டர்களை எது காப்பாற்றும்?

எந்த வேலையில் எவ்வளவு பேர் உயிரிழக்கிறார்கள் என்று அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. 2022 கணக்கில் முதலிடம் மரம் வெட்டும் தொழிலுக்கு. ஒரு லட்சம் முழுநேரத் தொழிலாளர்களுக்கு 100.7 பேர் என்ற விகிதத்தில் இறந்திருக்கிறார்கள். எல்லா வேலைகளுக்குமான சராசரி 3.7தான். சுமார் 27 மடங்கு வித்தியாசம்.

நம் ஊரில் இதே வேலை பெரும்பாலும் செயின்சா எனப்படும் மிஷின் வாள், டிராக்டர், சில இடங்களில் ஹிட்டாச்சி, ஜேசிபி ஆகியவற்றை வைத்து நடக்கிறது. விபத்து நடந்தால் முதலில் வரும் கேள்வி, "அவன் ஏன் கவனமா இல்ல?" என்பதுதான். ஆபத்தைக் குறைத்துக் காட்டிய நாடுகள் வேறு மூன்று கேள்விகளைக் கேட்டன. மிஷின் எப்படி இருக்கிறது? எத்தனை மணி நேரம் ஓட்டுகிறார்? கூலி எப்படிக் கொடுக்கிறார்கள்?

என்னென்ன ஆபத்து?

இரண்டு வகை. முதல் வகை, நொடியில் நடப்பவை. மரம் எதிர்பாராத பக்கம் சாய்வது, சரிவில் வண்டி கவிழ்வது, வாளின் நுனி மரத்தில் பட்டு ஆளை நோக்கித் தூக்கி அடிப்பது. மரத்தைப் பிடித்து, அறுத்து, கிளை கழிக்கும் ஹார்வெஸ்டர் போன்ற பெரிய இயந்திரங்களில் இன்னொன்றும் உண்டு. சங்கிலி அறுந்தால் அதன் துண்டு துப்பாக்கிக் குண்டு போலப் பறக்கும். சாதாரணக் கண்ணாடி அதைத் தாங்காது. கேபின் ஜன்னலுக்குத் தடிமனான பாலிகார்பனேட் வேண்டும். வாள் நீண்டிருக்கும் நேர்கோட்டில் யாரும் நிற்கவே கூடாது.

இரண்டாவது வகை, மெதுவாக வருபவை. செயின்சாவின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். அமெரிக்காவின் நையோஷ் நிறுவனப் பரிந்துரைப்படி 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால், 100 டெசிபலுக்குக் காதுக் கவசம் இல்லாமல் வெறும் 15 நிமிடம்தான்.

விரல் வெளுப்பது ஏன்?

வாளின் அதிர்வு கையின் ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் பாதிக்கும். குளிர்ந்தால் விரல் வெளுத்து மரத்துப்போகும். முற்றிவிட்டால் சட்டைப் பொத்தான் போடுவதுகூடக் கஷ்டம்.

பின்லாந்தின் சுவோமுசால்மி பகுதி வனத் தொழிலாளர்களை ஆய்வாளர்கள் 1972 முதல் 1990 வரை தொடர்ந்து கவனித்தார்கள். தொடக்கத்தில் 40% பேருக்கு இந்தப் பாதிப்பு இருந்தது. முடிவில் 5%. இடையில் அதே ஆட்களுக்குத் திடீரென்று கவனம் கூடிவிடவில்லை. வாள் மாறியது. கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே அதிர்வைத் தாங்கும் அமைப்பு வந்தது. ஒரு நொடி வர்க்கத்துக்கு சுமார் 14 மீட்டராக இருந்த அதிர்வு 2 மீட்டராக இறங்கியது.

நேரமும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002 விதிப்படி, 8 மணி நேர வேலைக்குக் கை அதிர்வின் உச்ச வரம்பு 5. மிஷினின் அதிர்வு 10 ஆக இருந்தால் அனுமதி நேரம் பாதியாகும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, நான்கில் ஒன்றாகும். 2 மணி நேரம்தான். பழைய, தேய்ந்த வாளை நாள் முழுக்க ஓட்டச் சொல்வது எவ்வளவு தப்பு என்று இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

கேபினுக்குள் உட்கார்ந்தால் பிரச்சினை தீருமா?

பாதி தீரும். வண்டி கவிழ்ந்தாலும் நசுங்காத கூண்டு, மேலிருந்து விழும் கிளையைத் தாங்கும் கூரை, சீட் பெல்ட் மூன்றும் சேர்ந்தால் உயிர் தப்பும் வாய்ப்பு பெரிதாகக் கூடும். பெல்ட் போடாமல் குதிக்கப் பார்ப்பவர் பெரும்பாலும் வண்டிக்கு அடியிலேயே சிக்குவார். ஸ்வீடன் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு இந்தக் கூண்டைக் கட்டாயமாக்கியது. அதன்பின் கவிழ்ந்து இறப்பவர்கள் படிப்படியாகக் குறைந்து, மிக அரிதானார்கள்.

ஆனால் கேபின் புது வலியையும் கொண்டுவந்தது. நாள் முழுக்க ஒரே நிலையில் உட்கார்ந்து, ஜாய்ஸ்டிக்கை நுணுக்கமாக அசைத்துக்கொண்டே இருந்ததில் ஆபரேட்டர்களின் கழுத்தும் தோளும் போயின. லேப்டாப் முன் உட்காரும் உங்களுக்கு இது புரியும். நார்டிக் நாடுகள் தேடிய தீர்வுகளில் ஒன்று, இடையிடையே வேறு வேலைக்கு மாற்றிவிடுவது. கைக்கும் கழுத்துக்கும் அதனால் ஓய்வு கிடைக்கும்.

கூலிக்கும் விபத்துக்கும் என்ன சம்பந்தம்?

எத்தனை மரம் விழுகிறதோ அவ்வளவு காசு என்றால், ஓய்வும் பாதுகாப்பும் நஷ்டக் கணக்கில் போகும். ஸ்வீடனில் 1975-ல் வனத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்து மாதச் சம்பளம் வாங்கினார்கள். அதன்பின் விபத்துகள் குறைந்ததாக அந்நாட்டு ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2020-ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. பணி நியமனக் கடிதம், குறிப்பிட்ட வயதினருக்கு இலவச ஆண்டு உடல் பரிசோதனை ஆகியவை முதலாளியின் கடமை. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் தொழிலாளர் அதை முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் ஒரே நேரத்தில் தெரிவிக்கலாம்.

சிக்கல் எங்கே? பொதுவாக 10 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் இது பொருந்தும். ஒரு மிஷின் வாள், ஒரு கயிறு, நாலு பேர் என்று வரும் மரவெட்டுக் குழு இந்த வரம்புக்கு வெளியே நின்றுவிடும்.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு கதவும் இருக்கிறது. ஆபத்தான வேலை என்று அரசு அறிவிக்கை வெளியிட்டால், ஒரே ஒரு தொழிலாளர் இருக்கும் இடத்துக்கும் சட்டத்தை நீட்டிக்கலாம். இதற்காகப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. மரம் வெட்டும் வேலையை அந்தப் பட்டியலில் சேர்த்தாலே போதும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

மழைக்காலத்துக்கு முன் உங்கள் அபார்ட்மென்ட்டிலோ ஆபீஸ் வளாகத்திலோ மரம் வெட்ட ஆள் கூப்பிடுவார்கள். அப்போது ரேட் கேட்பதோடு நிறுத்தாமல் இதையும் கேளுங்கள்:

• வாளில் செயின் பிரேக் வேலை செய்கிறதா? ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.
• ஹெல்மெட், காதுக் கவசம், கண் பாதுகாப்பு இருக்கிறதா? சங்கிலியை நிறுத்தும் இழை வைத்த பேன்ட் இருந்தால் இன்னும் நல்லது.
• மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு ஆட்களை விலக்கி வைத்தாயிற்றா?
• கூலி மரக் கணக்கிலா, நாள் கணக்கிலா? நாள் கணக்குக்கு ஒப்புக்கொள்ளுங்கள்.
• தனியாக யாராவது வெட்டுகிறார்களா? கூப்பிடு தூரத்தில் இன்னொருவர் இருந்தே ஆக வேண்டும்.

இதனால் செலவு கொஞ்சம் கூடும்தான். குறைந்த ரேட்டில் வேலையை முடித்தால், மிச்சமாகும் அந்தப் பணத்துக்கான விலையை வாளைப் பிடித்திருப்பவரின் காதும் விரலும் கொடுக்கின்றன.