அணையாடைக்கு ஏன் பழந்துணி?

ஏனாத்தூரை அடுத்த காஞ்சித் தறிகளில் ஓடுவது பட்டு. பிள்ளை பிறந்த வீட்டிலோ தாத்தாவின் பழைய பருத்தி வேட்டியைத்தான் தேடுவார்கள்! ஏன் தெரியுமா?

பஞ்சிழைமேல் இயற்கையாகவே மெழுகு உண்டு. நெய்யும்போது பாவில் கஞ்சியும் ஏறுகிறது. புதுக் கோராத்துணியில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள், உருண்டு நிற்கும். பலமுறை துவைத்த துணியோ உடனே உறிஞ்சிவிடும். கொதிநீரையும் தாங்கும், பட்டு தாங்காது.

ஈரத்துணியில் பாக்டீரியாக்கள் சிறுநீரிலுள்ள யூரியாவை அம்மோனியாவாக்குவதை 1921-இல் அமெரிக்க மருத்துவர் குக் விளக்கினார். தொடைப்புண்ணுக்கு அம்மோனியாவே நேர்க் காரணம் என நெடுநாள் நம்பினர். பாதிதான் சரி! காரத்தன்மை கூடும்போது மலத்திலுள்ள நொதிகள் வேகம் பெற்றுத் தோலை அரிக்கின்றன என்பது 1980-களில் தெளிவாயிற்று.

ஆகவே நனைந்ததும் மாற்றுங்கள்; சோப்பு தங்காமல் அலசி வெயிலில் உலர்த்துங்கள். எட்டு முழ வேட்டியை இரண்டடிச் சதுரங்களாகக் கிழித்தால் பன்னிரண்டு தேறும். மழைக்காலக் குழந்தையென்றால் இன்னொரு வேட்டிக்கும் தாத்தாவிடம் சொல்லி வையுங்கள்.