கிளாவருக்கு ஏன் 20?

1924இல் பதுளைக்கு ரயில் வந்தது. அடுத்த வருஷமே, பனாமா வழியாகப் போன ஒரு கப்பலில், ஹரோல்ட் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கர் கொன்ட்ராக்ட் பிரிட்ஜின் புள்ளிக் கணக்கை வகுத்தார். துரைமார் கிளப்புகளில் மாலை நேரத்தைப் போக்கிய சீட்டாட்டம் பிரிட்ஜ்.

அந்தக் கணக்கில் இஸ்பேட், ஆட்டின் பிடி ஒன்றுக்கு 30. டயமனுக்கும் கிளாவருக்கும் 20தான். 'கேம்' என்ற 100ஐத் தொட, முன்னதுக்கு 10 பிடி போதும், பின்னதுக்கு 11 வேணும். ஆனால் 12 பிடி எடுப்போம் என்று கேட்டு வென்றால் நாலு இனத்துக்கும் ஒரே போனஸ்: 500, ஏற்கனவே ஒரு கேம் வென்றிருந்தால் 750.

அங்கே போய்ச் சேருவதுதான் கஷ்டம். 1933இல் ஈஸ்லி பிளாக்வுட் உருவாக்கிய 'நாலு நோ டிரம்ப்' கேள்விக்கு, கையில் ஒரு ஏஸ் இருந்தால் பதில் ஐந்து டயமன். துரும்பு கிளாவர் என்றால், ஐந்தில் நிற்கிற இடத்தை அந்தப் பதிலே தாண்டிவிடும். கிளாவரில் இனி ஆறுக்குத்தான் போகணும். கேட்பதற்கு முன்பே யோசிக்கணும்.

நம்ம 304இலோ எல்லா இனமும் சமம். ஆக, குறைந்த விலை சீட்டில் இல்லை, விதியில் இருக்கு.

1927இல் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்கீழ் போட்ட நாட்கூலியில் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவு. கொழுந்து எடுத்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். சம கூலி வர 1984 ஆனது. கிளப்புகளின் வரலாற்றைப் படிக்கும்போது நாங்கள் கேட்க வேண்டியதும் இதுதான்: விலை போட்டது யார்?