எல்லோரும் ஆட வேண்டும்: அமெரிக்கச் சமூகக் கால்பந்தில் சிறார் பயிற்சிமுறையின் வளர்ச்சி (1964–2020)

முன்னுரை

சிறுவர்களுக்குக் கால்பந்து கற்றுத்தரும்போது ஏசக் கூடாது, ஊக்கப்படுத்த வேண்டும் என்பதை இன்று பயிற்சியாளர்கள் பலரும் ஏற்றுக்கொள்கிறார்கள். இந்தக் கருத்து ஒரே நாளில் வந்ததல்ல. அமெரிக்காவின் குடியிருப்புப் பகுதிகளில், பெற்றோர்களே பயிற்சியாளர்களாக நின்று நடத்திய அணிகளில் இது அரை நூற்றாண்டுக் காலம் படிப்படியாக உருவானது. நல்ல மனம் கொண்டவர்களின் அறிவுரையாக மட்டும் இருந்தவரை இதற்கு வலுவில்லை. ஆட்ட விதியாகவும், அளந்து பார்க்கத்தக்க நடத்தையாகவும், கற்றுக்கொடுக்கக்கூடிய பாடமாகவும் மாறிய பிறகே இது வேரூன்றியது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

டாரன்ஸில் ஒரு தொடக்கம்

1960களில் அமெரிக்காவில் கால்பந்து பெரும்பாலும் குடியேறிகளின் ஆட்டமாகவே இருந்தது. உள்ளூர்ச் சிறுவர்களைப் பேஸ்பால் ஈர்த்திருந்தது. 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் தொடங்கிய லிட்டில் லீக், சிறுவர் விளையாட்டை ஊர்தோறும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. இச்சூழலில் 1964இல் கலிபோர்னியாவின் டாரன்ஸ் நகரில் ஹான்ஸ் ஸ்டியர்லே, பில் ஹியூஸ் உள்ளிட்ட சில ஆர்வலர்கள் ‘அமெரிக்க இளையோர் கால்பந்து அமைப்பு’ (ஏ.ஒய்.எஸ்.ஓ.) என்பதைத் தொடங்கினார்கள். முதலில் இருந்தவை 9 அணிகள் மட்டுமே.

இவ்வமைப்பின் அடையாளமாக நிலைத்த கொள்கை, ‘எல்லோரும் ஆட வேண்டும்’ என்பது. பதிவு செய்துகொண்ட ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம் களத்தில் இருந்தாக வேண்டும். சேர்வதற்குத் தேர்வு கிடையாது. இன்று இவ்வமைப்பு ஆறு கொள்கைகளை முன்வைக்கிறது: எல்லோரும் ஆடுதல், சமநிலை அணிகள், அனைவருக்கும் திறந்த பதிவு, ஊக்கமூட்டும் பயிற்சி, நல்ல விளையாட்டுப் பண்பு, வீரர் வளர்ச்சி.

இக்கொள்கைகள் நடைமுறைக்கு வந்த விதம் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு பாதியாட்டத்தின் நடுவிலும் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார். மாற்று ஆட்டக்காரர்கள் உள்ளே வருவார்கள். எந்தக் கால்பகுதியில் எந்தப் பிள்ளை வெளியே உட்கார்ந்தது என்பது ஆட்டக்காரர் அட்டையில் குறிக்கப்படும். திறமை குறைந்த பிள்ளையை ஆட்டம் முழுதும் பெஞ்சில் உட்கார வைக்க நினைக்கும் பயிற்சியாளரை அந்த அட்டை காட்டிக்கொடுத்துவிடும். அணிகளைப் பிரிப்பதிலும் இதே கண்டிப்பு உண்டு. பயிற்சியாளர்கள் தங்கள் ஆட்டக்காரர்களின் திறனை மதிப்பிட்டுத் தருவார்கள். அடுத்த பருவத்தில் அம்மதிப்பீட்டைக் கொண்டு, வல்லவர்கள் ஓரிடத்தில் குவியாதபடி புதிதாக அணிகள் அமைக்கப்படும். பயிற்சியாளரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பாமல், நியாயத்தை நடைமுறை விதியாக்கியதே இவ்வமைப்பின் தனிச்சிறப்பு.

சிறுமிகளின் வருகை

1971இல் ஏ.ஒய்.எஸ்.ஓ. சிறுமிகளுக்கான பிரிவைத் தொடங்கியது. மறு ஆண்டே, கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் ‘டைட்டில் நைன்’ சட்டம் வந்தது. பள்ளி, கல்லூரிகளில் பெண்கள் அணிகள் பெருகின. 1974இல் மற்றொரு தேசிய இளையோர் கால்பந்துச் சங்கமும் உருவானது. 1975இல் பெலே நியூயார்க் காஸ்மோஸ் அணியில் சேர்ந்தது பிள்ளைகளின் ஆர்வத்தை மேலும் தூண்டியது.

அவர் ஆடிய தொழில்முறை லீக் 1984ஆம் ஆண்டுப் பருவத்தோடு மூடப்பட்டது. ஆனால் பிள்ளைகளின் ஆட்டம் நிற்கவில்லை. டிக்கெட் வருமானத்தை நம்பாமல், தன்னார்வலர்களின் சனிக்கிழமை உழைப்பை நம்பி நின்றதால் அது தப்பித்தது. அமெரிக்கப் பெண்கள் அணி 1991இல் முதல் உலகக் கோப்பையை வென்றதும், 1999 இறுதியாட்டத்தைக் காணப் பாசடீனாவின் ரோஸ் பௌல் அரங்கில் 90,185 பேர் கூடியதும், இந்த அடித்தளம் பரவிய பிறகு நிகழ்ந்தவை.

சியாட்டிலில் கிடைத்த சான்று

ஊக்கமூட்டும் பயிற்சி பயனளிக்கிறதா என்ற கேள்விக்கு அறிவியல் விடை தேடியவர்கள் சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மால் ஆகிய இருவர். அவர்கள் முதலில் ஆராய்ந்தது கால்பந்தை அல்ல, லிட்டில் லீக் பேஸ்பாலை. பயிற்சியாளரின் நடத்தையை 12 வகைகளாகப் பிரித்தார்கள். பிள்ளை நன்றாக ஆடினால் பாராட்டுகிறாரா, பேசாமல் இருக்கிறாரா? தவறினால் தேற்றுகிறாரா, திருத்திக் காட்டுகிறாரா, தண்டிக்கிறாரா, காட்டமான சொல்லோடு திருத்துகிறாரா, கண்டுகொள்ளாமல் விடுகிறாரா? பார்வையாளர்கள் மைதான ஓரத்தில் இருந்து ஒவ்வொன்றையும் பதிவு செய்தார்கள்.

1978இல் வெளியான அவர்களது ஆய்வில் 51 பயிற்சியாளர்கள் கவனிக்கப்பட்டார்கள்; பருவம் முடிந்ததும் 542 சிறுவர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. இரண்டு முடிவுகள் முக்கியமானவை. முதலாவது, பிள்ளைகள் ஒரு பயிற்சியாளரை விரும்புவதற்கும் அவரது அணியின் வெற்றி தோல்விக்கும் பெரிதாகத் தொடர்பில்லை. இரண்டாவது, தாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது பயிற்சியாளர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. பிள்ளைகள் சொன்னதே பார்வையாளர்களின் பதிவோடு கூடுதலாக ஒத்துப்போனது.

இதைத் தொடர்ந்து, பயிற்சியாளர்களுக்கான குறுகிய வகுப்பொன்றை அவர்கள் உருவாக்கினார்கள். முயற்சியைப் பாராட்டுங்கள், தவறு நேர்ந்தவுடன் தேற்றி, பிறகு எப்படிச் செய்வது என்று காட்டுங்கள், அவமானப்படுத்தாதீர்கள் என்பவையே அதன் சாரம். 1992இல் வெளியான ஆய்வில், வகுப்பில் கலந்துகொள்ளாத பயிற்சியாளர்களிடம் ஆடிய சிறுவர்களில் 26 விழுக்காட்டினர் அடுத்த ஆண்டு விளையாட வரவில்லை. வகுப்பில் கலந்துகொண்டவர்களிடம் ஆடியவர்களில் வராதவர்கள் 5 விழுக்காட்டினரே. பயிற்சியாளரின் கனிவு பிறவிக் குணம் என்ற எண்ணத்தை இந்த எண்கள் தகர்த்தன. ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொடுக்கக்கூடிய திறன் அது என்று தெளிவானது.

முதல் ஆய்வு வெளியான மறு ஆண்டில், 1979இல், விளையாட்டியல் அறிஞர்கள் ரெய்னர் மார்ட்டென்ஸும் வெர்ன் சீஃபெல்டும் இளம் விளையாட்டாளர்களுக்கான 10 உரிமைகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். பெரியவர்களைப் போல அல்லாமல் குழந்தையாகவே விளையாடும் உரிமையும் அவற்றுள் ஒன்று.

ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஓர் இயக்கம்

இந்த ஆய்வுகளின் சாரத்தை மைதானத்துக்கு ஏற்ற எளிய மொழியில் பரப்பியவர்களுள் ஜிம் தாம்ப்சன் முதன்மையானவர். 1998இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அவர் நிறுவிய ‘பாசிட்டிவ் கோச்சிங் அலையன்ஸ்’, பயிற்சியாளருக்கு இரட்டை இலக்கு வகுத்தது: வெற்றிக்காக உழைப்பது ஒன்று, விளையாட்டின் வழியே வாழ்க்கைப் பாடம் புகட்டுவது மற்றொன்று. இரண்டாவதே மேலானது என்பது அவ்வமைப்பின் நிலைப்பாடு.

அதன் வகுப்புகள் கற்றுத்தரும் உத்திகளுள் ஒன்று, தவறு நேர்ந்ததும் அணி முழுதும் செய்யும் ஒரு சைகை. பந்தைத் தவறவிட்ட பிள்ளை முதலில் திரும்பிப் பார்ப்பது பயிற்சியாளரின் முகத்தைத்தான். அவர் நெற்றி வியர்வையைத் துடைத்து உதறுவதுபோல் கையசைத்தால், ‘போகட்டும், அடுத்ததைப் பார்’ என்று பொருள். பயந்து நிற்கும் பிள்ளை அடுத்த பந்தைக் கேட்காது. பந்தைக் கேட்காத பிள்ளை ஆட்டம் கற்காது. ஊக்கமூட்டும் பயிற்சி திறன் வளர்ச்சியோடு இணையும் இடம் இதுதான்.

கூட்டமைப்பின் ஏற்பும் கட்டணச் சுவரும்

தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பு நீண்ட காலம் உச்சியையே நோக்கியது. 2007இல் அது தொடங்கிய ‘டெவலப்மென்ட் அகாடமி’ தேர்ந்தெடுத்த சிலருக்கானது; 2020 ஏப்ரலில் அது மூடப்பட்டது. இதற்கிடையே 2015இல் கூட்டமைப்பு அறிவித்த வீரர் வளர்ச்சித் திட்டம், 2017இல் நாடு முழுதும் கட்டாயமானது. 8 வயதுக்கு உட்பட்டோர் அணிக்கு 4 பேராகவும், 10 வயதுக்கு உட்பட்டோர் 7 பேராகவும், 12 வயதுக்கு உட்பட்டோர் 9 பேராகவும் சிறிய களங்களில் ஆட வேண்டும். 22 பேர் ஓடும் பெரிய களத்தில் வலிமையான இரண்டு மூன்று பிள்ளைகளே பந்தை ஆள்வார்கள். சிறிய களத்தில் ஒதுங்கி நிற்க யாருக்கும் இடமில்லை. 10 வயது வரை பந்தைத் தலையால் முட்டுவதும் தடை செய்யப்பட்டது. டாரன்ஸில் நியாயமாகக் கருதப்பட்டதையே, திறன் வளர்க்கும் வழியாகக் கூட்டமைப்பும் ஏற்றுக்கொண்டது என்று இதைப் படிக்கலாம்.

எல்லோருக்கும் ஆட்டம் என்றால் தரம் தாழும் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. உலகக் கோப்பையை இருமுறை வென்ற அணிகளில் ஆடிய அலெக்ஸ் மார்கன் ஏ.ஒய்.எஸ்.ஓ.வில் ஆடத் தொடங்கி, 14 வயதில்தான் போட்டிக் கிளப்புக்குச் சென்றார். ஒருவரைக் கொண்டு எதையும் நிறுவிவிட முடியாது. ஆயினும் சிறு வயதிலேயே வடிகட்டினால் யாரை இழப்போம் என்பதை அவர் உணர்த்துகிறார். மறுபுறம், தேர்வு வைத்துச் சேர்க்கும் பயணக் கிளப்புகள் வாங்கும் பெருங்கட்டணம் ஏழைப் பிள்ளைகளை வெளியே நிறுத்துகிறது. அந்தச் சுவரைக் கனிவான சொல்லால் மட்டும் இடிக்க முடியாது.

முடிவுரை

1964இன் விதி, 1978, 1992 ஆகிய ஆண்டுகளின் ஆய்வுகள், 1998இன் இயக்கம், 2017இன் கட்டாய விதிகள் என்ற வரிசை ஒன்றைத் தெளிவாக்குகிறது: பிள்ளைகளை மதிப்பதும் அவர்களின் ஆட்டத்திறனை வளர்ப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. களத்தில் நேரம், காலில் பந்து, தவறுவதற்கு அனுமதி ஆகிய மூன்றும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும் இடத்தில்தான் திறமை வெளிப்படுகிறது. சிறுவர் அணிகளை நடத்துவோர் ‘ஊக்கப்படுத்துங்கள்’ என்று அறிவுரை கூறுவதோடு நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு நேரம் ஆடியது என்று குறித்துவைக்கவும், பருவம் தொடங்கும் முன் பயிற்சியாளர்களுக்கு ஒரு வகுப்பு நடத்தவும் வேண்டும். இவை இரண்டும் எந்த ஊரிலும் பெரிய செலவின்றி உடனே தொடங்கக்கூடியவை.