வழியாக இருந்த ஆறு

தமிழ்நாட்டு ஆறுகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தண்ணீரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எத்தனை வாய்க்கால், எத்தனை வேலி நஞ்சை, அந்த நெல்லின் பலத்தில் எழும்பிய கோயில் எது, அரசு எது என்று கணக்கு போகும். காவிரிக்கு இது பொருந்தும், தாமிரபரணிக்கும் பொருந்தும். ஜவ்வாது மலையில் பிறந்து, செங்கத்தைத் தொட்டுக்கொண்டு கிழக்கே இறங்கும் செய்யாற்றுக்கு இதே அளவுகோலை வைத்தால் கையில் மிஞ்சுவது அதிகமில்லை. மழைக்காலம் போனால் மணல்தான். ஆற்றை நம்பி நட்டவர்களைவிட ஏரியையும் கிணற்றையும் நம்பி நட்டவர்களே இக்கரை ஊர்களில் அதிகம். ஆனால் இந்தச் சிறிய பள்ளத்தாக்கைப் பற்றிச் சங்கத் தொகையில் 583 அடிகளில் ஒரு முழு நூல் இருக்கிறது. பல்லவர் காலத் தமிழ் எழுத்தின் வரலாற்றைத் திருத்தி எழுதவைத்த நடுகற்கள் இந்த வட்டாரத்தில்தான் கிடைத்தன. ஆங்கிலேயருக்கும் ஐதர் அலிக்கும் நடந்த முதல் மைசூர்ப் போரின் தொடக்க மோதல்களில் ஒன்றும் இங்கேதான். தண்ணீர் குறைந்த இடத்தில் இவ்வளவு வரலாறு சேர்ந்ததற்குக் காரணம், மேல் செய்யாற்றின் முதல் பயன் பாசனத்தில் இல்லை, பாதையில் இருந்தது என்பதே என்று எனக்குப் படுகிறது.

நில அமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். செங்கத்துக்கு வடக்கே ஜவ்வாது மலை சுவர்போல் நிற்கிறது. தெற்கே சென்னகேசவ மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. அதன் மேற்கு வாயிலில் சிங்காரப்பேட்டை, அப்பால் ஊத்தங்கரை, அதற்கும் அப்பால் பழைய பாரமகால். அந்தப் பக்கம் விழுகிற மழை பாம்பாற்றின் வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. இந்தப் பக்கம் விழுவது செய்யாற்றில் சேர்ந்து, கலசப்பாக்கத்தையும் திருவத்திபுரத்தையும் கடந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கிறது. மேட்டு நாட்டிலிருந்து தொண்டை மண்டலத்துச் சமவெளிக்கு வர நினைக்கிறவன், மலை ஏறி இறங்காமல் வந்து சேர இயற்கை விட்ட சில வாயில்களில் இது ஒன்று. இன்றைக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை வழியாகத் திண்டிவனம் போகும் நெடுஞ்சாலையும் இந்த இடைவெளியில்தான் நுழைகிறது. அதற்கு வேறு இடம் இல்லை.

முதல் சான்று மலைபடுகடாம். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடியது. உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சேற்றிய பிறகு எல்லோர் கைக்கும் வந்தது. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். பாட்டில் நன்னனின் கொடையும் வீரமும் உண்டு. ஆனால் பாட்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது வழிதான். தினைக்கொல்லையில் பன்றிக்கு வைத்த கல்பொறி எங்கே இருக்கும், பாம்புப் புற்றுள்ள இடத்தை எப்படிக் கடப்பது, காவல் பரணிலிருந்து யானையை விரட்ட எறியும் கல் நம்மேல் படாமல் எப்படி ஒதுங்குவது, வழுக்குப் பாறையில் எதைப் பற்றிக்கொள்வது, இருட்டிய பிறகு ஏன் நடக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாக வருகிறது. வழி பிரியும் இடத்தில் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போ, பின்னால் வருகிறவர்களுக்கு உதவும் என்றும் ஒரு யோசனை. காவல்காரர்கள் மறித்தால் நன்னனிடம் போகிறோம் என்று சொன்னால் போதும் என்கிறான். வழியில் காவல் இருந்தது, அந்தக் காவலுக்கு ஒரு பெயரைச் சொன்னால் பாதை திறந்தது என்பதை அறிய, வரலாறு படிக்கிறவனுக்கு இதைவிட நேரான சாட்சி கிடைப்பது அரிது.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். ஆற்றுப்படை என்றாலே வழி சொல்வதுதானே, அந்த வகைப் பாட்டின் இலக்கணமே அது. அதை வைத்துச் செங்கம் வழியூர் என்று எப்படி முடிவு கட்டுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வழி சொல்ல வேண்டும் என்பதுதான் இலக்கணம். எந்த வழி, அதில் எவ்வளவு விவரம் என்பது புலவன் கண்டது. சிறுபாணாற்றுப்படையில் வழி என்பது பெரும்பாலும் ஊர்களின் வரிசை: எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று ஊர்விட்டு ஊர் போகிறது. மலைபடுகடாத்தில் ஊர் வருவதற்குள் வழியே ஒரு நாடாக விரிகிறது. யார் என்ன உணவு கொடுப்பார்கள் என்பதைக்கூட அது வரிசை பிசகாமல் வைத்திருக்கிறது. முதலில் மலைக்குடிகளின் தினையும் இறைச்சியும், அடுத்து ஆட்டு மந்தைக்காரர்களின் பாலும் தோல் படுக்கையும் காவல் தீயும், கடைசியில் சேயாறு என்று பெயர் சொல்லி அதன் கரையை ஒட்டி நெற்சோறும் வாளை மீனும். ஆற்றங்கரை நெல்லைப் பாட்டு மறைக்கவில்லை. நன்னனின் ஊரை நெருங்கும்போது, கடைசித் துண்டில் அதை வைக்கிறது. அதற்கு முன்னால் வருவதெல்லாம் மேய்ச்சல் நாடு.

அந்த மேய்ச்சல் நாட்டில்தான் இரண்டாவது சான்று நிற்கிறது. பாட்டின் வழிகாட்டியே வழி பிரியும் கவலைகளில் பெயர் பொறித்த கற்கள் நிற்கும், அவற்றைத் தொழுதுவிட்டுப் போங்கள் என்கிறான். சில நூற்றாண்டுகள் கழித்து அதே வட்டாரத்தில் நடப்பட்ட கற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை தேடித் தொகுத்தது, இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ 1972இல் வெளிவந்தது. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆட்சியாண்டுகளோடு தொடங்கும் கற்கள் அவற்றில் உண்டு. மொழி தமிழ், எழுத்து வட்டெழுத்து. மகேந்திரன் மண்டகப்பட்டில் குடைந்த கோயிலில் தன்னைப் பற்றி எழுதி வைத்தது வடமொழியில். அதே மன்னனின் ஆட்சியாண்டைச் சொல்லி, மாடு காத்துச் செத்த ஒருவனுக்காக இங்கே வெட்டிய கல் தமிழில். தொண்டை நாட்டின் இந்த மூலையில் வட்டெழுத்து வழங்கியது என்பதே அதற்குமுன் பலருக்குத் தெரியாது. கற்களின் செய்தி பெரும்பாலும் ஒன்றுதான்: இன்னார் தொறு கவர்ந்தபோது, அல்லது கவர்ந்த தொறுவை மீட்டபோது, இன்னாருடைய ஆள் பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை. எடுத்தனூர்க் கல் மிகவும் பேர்பெற்றது. மகேந்திரனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முதல் பாதியில், வாண அரசர் வட்டத்தைச் சேர்ந்த கருந்தேவகத்தி என்பவன் தன் எருமைகளுக்காகப் பட்டான். அவனோடிருந்த கோவிவன் என்ற நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் இருந்தது. நாய்க்கும் பெயரெழுதிய கல் அது.

மாடுதான் சொத்து என்ற நாட்டில் எல்லையும் மாட்டைப் போலவே நகரும். நெல் வயலைத் திருடிக்கொண்டு ஓட முடியாது. மந்தையை ஓர் இரவில் கணவாய்க்கு அப்பால் ஓட்டிவிடலாம். இதனால்தான் நடுகற்கள் செங்கத்தோடு நின்றுவிடவில்லை. கணவாயின் மேற்கே தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரமும் இதே வகைக் கற்கள் நிறைந்தது. இடைவெளியின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சாவுகள், ஒரே மாதிரிக் கற்கள். பல்லவருக்கும் வாணருக்கும் கங்கருக்கும் இது எல்லைப்புறம். உள்ளூர்க்காரனுக்கோ மாடு போகும் வழி, மாடு வரும் வழி.

இங்கே என் வாதத்தின் பலவீனமான இடத்தையும் சொல்லிவிட வேண்டும். எடுத்தனூர், சாத்தனூர், தண்டம்பட்டு, மோத்தக்கல் முதலிய ஊர்களின் கற்கள் செங்கத்தின் பெயரில் தொகுக்கப்பட்டாலும், தெற்கே தென்பெண்ணையை நோக்கிச் சாய்ந்த நிலத்தைச் சேர்ந்தவை. இவற்றை எப்படிச் செய்யாற்றுக் கணக்கில் எழுதலாம்? ஆற்றை நீர்ப்பிடிப்பாக மட்டும் பார்த்தால் எழுதக் கூடாதுதான். ஆனால் செங்கத்திலிருந்து அந்த ஊர்கள் ஒரு நாள் நடைக்குள் இருக்கின்றன; மந்தைக்கும் கவர்ந்தோடுகிறவனுக்கும் இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட மேடு ஒரு பொருட்டே இல்லை. நீர்ப்பிரிமேடு பொதுப்பணித்துறை வரைபடத்துக்கு முக்கியம். மேய்ச்சல் நாட்டின் வரலாற்றை அதைக் கொண்டு வெட்டினால் ஒரே கதையின் பாதியை இந்த ஆற்றிலும் மீதியை அந்த ஆற்றிலும் போட நேரும். இன்னொன்றும் கேட்கலாம்: கல் மலிந்த நாடு, பின்னால் பெரிய உழவும் கட்டடமும் வராத நாடு, அதனால் பழங்கல் பிழைத்தது, சமவெளியிலும் மாடுபிடிச் சண்டை நடந்திருக்கும், கல்தான் போய்விட்டது. ஓரளவு உண்மை. ஆனால் சமவெளியிலும் கல்லில் எழுதும் பழக்கம் இருந்தது. எழுதிய பொருள்தான் வேறு.

அதற்குச் செய்யாற்றின் மறு முனைக்குப் போக வேண்டும். ஆறு முடிகிற திருமுக்கூடலில், பெருமாள் கோயிலில், பதினோராம் நூற்றாண்டின் பிற்பாதியில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. வேதம் படிக்கும் மாணாக்கருக்கு உணவு, 15 படுக்கையுள்ள ஆதுலர்சாலை, அதற்கு மருத்துவன், பணிப்பெண்கள், சேமித்து வைக்க வேண்டிய மருந்துகள் என்று நீளும் பட்டியல். அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை விதிகளை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. நிலம், நெல், வட்டி, வாரியம் இவைதான் அந்தக் கற்களின் பேச்சு. ஒரே ஆற்றின் தலைப்பக்கம் மாட்டுக்காகச் செத்தவனை எழுதியது, கால்பக்கம் படுக்கைக்கு இத்தனை நாழி நெல் என்று எழுதியது. காலம் வேறு என்பது சரி. இருந்தாலும் சோழர் ஆட்சி மேல் பள்ளத்தாக்கையும் தொட்டிருக்க, அங்கே திருமுக்கூடலைப் போல ஒன்று எழவில்லை. செங்கத்தில் ரிஷபேசுவரர் கோயில் உண்டு, பிற்காலத்து வேணுகோபால பார்த்தசாரதி கோயில் உண்டு. வழியில் இருக்கும் ஊருக்குக் கோயில் வருவது இயல்பு. நெல் உபரியின்மேல் எழும்பும் பெரிய அறநிலையத்துக்கு வேறு நிலம் வேண்டும்.

உபரி இல்லை என்பதற்கு 1767ஆம் ஆண்டு ஒரு கடுமையான சாட்சி. பாரமகாலில் இருந்த ஆங்கிலத் தளபதி ஜோசப் ஸ்மித், திருச்சிராப்பள்ளிப் பக்கமிருந்து வரும் படையோடு சேர்வதற்காகத் திருவண்ணாமலை நோக்கி இந்தக் கணவாய் வழியாக இறங்கினார். நிஜாமைக் கூட்டுச் சேர்த்துக்கொண்ட ஐதர் அலி, செப்டம்பர் 3 அன்று செங்கத்தருகே அவரை மறித்தார். சண்டையில் ஸ்மித்தின் கை ஓங்கியது. ஆனால் கைவசமிருந்த அரிசி அந்தக் குழப்பத்தில் போய்விட்டது. வெற்றி பெற்ற படை அங்கே தங்க முடியாமல் இரவோடிரவாகத் திருவண்ணாமலைக்கு நடந்தது. ஆற்காட்டு நவாப் அங்கே சேர்த்து வைத்திருப்பதாகச் சொன்ன அரிசியும் இல்லை. போர்க்காலத்தில் ஊர்க்காரர்கள் தானியத்தைப் புதைத்துவிட்டு ஓடுவது வழக்கம், அதனால் இதை வைத்து விளைச்சலை அளக்கக் கூடாது என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு நாள்கூட நின்று பிழைக்க வழியில்லாத பள்ளத்தாக்கு வழியே இரண்டு பெரும்படைகள் வந்தன என்றால், அவை இங்குள்ள விளைச்சலுக்காக வரவில்லை. 1780இல் ஆற்காட்டு நாட்டின்மேல் ஐதர் இறங்கியபோதும் இந்தக் கணவாய்தான் பயன்பட்டது.

படைகள் மட்டும் போய்வந்த வழியாக இதை நினைக்கவும் வேண்டாம். ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றே மரபாகச் சொல்வார்கள். அதை வரலாறாக நிறுவ முடியாது. ஆனால் அந்தக் கதை ஆற்றோட்டத்துக்கு எதிராக, சமவெளியிலிருந்து மலைக்கு ஏறுகிறது. மலைபடுகடாத்தின் கூத்தர் மலை இறங்கி வந்தார்கள். கதையிலும் பாட்டிலும் இந்த வட்டாரம் இரு திசையிலும் ஆள் நடந்த நாடாகவே நிற்கிறது.

இந்த வழி ஏன் பின்னால் சத்தமடங்கிப் போனது என்பதற்கும் தண்ணீர் காரணமில்லை. சென்னையிலிருந்து மேற்கே போன இரயில்பாதை 1856இல் ஆற்காட்டுப் பக்கம்வரை வந்து, 1862இல் மேற்குக் கடற்கரை பேப்பூரைத் தொட்டது. அது தேர்ந்தெடுத்தது பாலாற்றுப் பள்ளத்தாக்கை. ஜவ்வாது மலைக்கு வடக்கே ஏறி, ஜோலார்பேட்டையில் திரும்பியது. பின்னர் வந்த காட்பாடி–விழுப்புரம் பாதை போளூரையும் திருவண்ணாமலையையும் தொட்டுச் செங்கத்தை விட்டுவிட்டது. மேட்டு நாட்டுச் சரக்கு ஜவ்வாதின் தெற்கு வாயிலை விட்டு வடக்கு வாயிலுக்கு மாறியபின், செங்கம் மல்லாட்டை மூட்டை ஏற்றும் சந்தை ஊராக நின்றது. ஆறு அதே ஆறு, மழையும் ஏறக்குறைய அதே மழை. வழி மாறியது, ஊரின் எடை குறைந்தது.

இன்றைய செய்யாற்றுக்காரர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, குப்பநத்தம் அணையை என்ன செய்வீர்கள் என்று கேட்பார். செங்கத்துக்கு மேலே, மலையடியில் செய்யாற்றின் குறுக்கே கட்டிய அணை அது. உயரம் 59.04 அடி, கொள்ளளவு 700 மில்லியன் கன அடி. கீழே ஏரிகளுக்குத் தண்ணீர் எப்போது திறப்பது என்பதுதான் இப்போது பள்ளத்தாக்கின் பெரிய பேச்சு. உண்மை, இனிமேல் எழுதுகிறவர் தண்ணீரிலிருந்து தொடங்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் அருகில், அதே பழைய செங்கம் வட்டத்தில், தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் முடித்த சாத்தனூர் அணை 7,321 மில்லியன் கன அடி பிடிக்கும். பத்தில் ஒரு பங்குகூடத் தேறாத அணை செய்யாற்றுக்கு அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வந்தது. செய்யாறு தண்ணீராகக் கனக்கத் தொடங்குவது கீழே, கலசப்பாக்கத்தருகே மிருகண்டா நதியும், பின் ஆரணிப் பக்கத்திலிருந்து கமண்டல நாகநதியும் வந்து சேர்ந்த பிறகு. அங்கிருந்து திருமுக்கூடல் வரை வாய்க்காலையும் நெல்லையும் கொண்டு வரலாறு எழுதுகிறவரோடு எனக்கு வழக்கில்லை. என் வழக்கு கலசப்பாக்கத்துக்கு மேலே உள்ள ஊர்களைப் பற்றியது.