கர்ப்பகாலத்தில் பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ்

கர்ப்பகாலத்தில் பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ் என்பது, எளிய ஹெர்ப்பிஸ் தீநுண்மத்தால் பிறப்புறுப்புப் பகுதியில் உண்டாகும் தொற்று கருவுற்ற பெண்ணிடம் காணப்படும் நிலையைக் குறிக்கும். இத்தொற்று தாயின் உயிருக்கு ஆபத்தாவது மிக அரிது. ஆனால் பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தொற்றுடன் வாழும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் நலமான குழந்தைகளையே பெறுகின்றனர். ஆபத்தின் அளவு பெரிதும், தொற்று முதன்முதலில் எப்போது ஏற்பட்டது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

பெயர்

தமிழ்நாட்டில் பொதுவாக அக்கி என அழைக்கப்படுவது வேறொரு நோயாகும். அது சின்னம்மையை உண்டாக்கும் தீநுண்மம் பின்னாளில் மீண்டும் விழிப்பதால் உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகத் தோன்றும் கொப்புளங்களைக் குறிக்கும். குயவர்களிடம் சென்று காவி மண்ணால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் இந்நோய் தொடர்பானது. இரு தீநுண்மங்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், பிறப்புறுப்பு ஹெர்ப்பிசும் சில நூல்களில் பிறப்புறுப்பு அக்கி எனக் குறிக்கப்படுகிறது. இப்பெயர் ஒற்றுமையால் குழப்பம் நேரக்கூடும்.

நோய்க்காரணியும் பரவலும்

எளிய ஹெர்ப்பிஸ் தீநுண்மத்தில் இரு வகைகள் உள்ளன. முதல் வகை பெரும்பாலும் உதட்டிலும் வாயிலும் புண்களை உண்டாக்கும். வாய்வழிப் பாலுறவால் பிறப்புறுப்பிலும் தொற்றும். இரண்டாம் வகை பெரும்பாலும் பாலுறவு வழியே பிறப்புறுப்பில் தொற்றுகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2024 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 15 முதல் 49 வயதுக்கு உட்பட்டோரில் ஏறத்தாழ 84.6 கோடிப் பேர் பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ் தொற்றுடன் வாழ்கின்றனர்.

உடலில் நுழைந்த தீநுண்மம் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் வாழ்நாள் முழுதும் உறங்கு நிலையில் தங்குகிறது. அது அவ்வப்போது விழித்துத் தோலை அடைகிறது. தொற்றுடையோரில் பெரும்பாலோர்க்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. புண் இல்லாத நாட்களிலும் தீநுண்மம் வெளிப்படலாம் என்பதால், அறியாமலேயே துணைவருக்குப் பரவுகிறது.

தொற்று ஏற்பட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் முதல் புண் தோன்றலாம். எனவே கர்ப்பகாலத்தில் முதன்முறையாகப் புண் தோன்றுவது, கணவனோ மனைவியோ அண்மையில் வேறொருவருடன் உறவு கொண்டதற்குச் சான்று ஆகாது. இதனை அறியாததால் குடும்பங்களில் வீண் ஐயமும் பிணக்கும் ஏற்படக்கூடும்.

அறிகுறிகள்

முதல் தொற்றின்போது 2 முதல் 12 நாட்களில் சிறு கொப்புளங்கள் தோன்றி, உடைந்து, வலியுள்ள புண்களாகின்றன. காய்ச்சல், உடல்வலி, தொடையிடுக்கில் நெறி கட்டுதல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் ஆகியவையும் உண்டாகலாம். பின்னர் வரும் மீள்தாக்குதல்கள் மிதமானவை. சில நாட்களில் ஆறிவிடும். புண் தோன்றுவதற்கு முன் அவ்விடத்தில் நமைச்சல், எரிச்சல் அல்லது கூச்சம் தோன்றுவது உண்டு. பிரசவ நேரத்தில் இம்முன்னறிகுறியும் புண்ணுக்கு இணையாகவே கருதப்படுகிறது.

குழந்தைக்குத் தொற்றும் விதம்

குழந்தைகளுக்கு நேரும் தொற்றில் ஏறத்தாழ 85 விழுக்காடு பிரசவத்தின்போது பிறப்புப் பாதையில் நிகழ்கிறது. சுமார் 10 விழுக்காடு பிறந்த பின்னரும், 5 விழுக்காடு கருப்பையிலும் ஏற்படுகின்றன.

நீண்ட காலமாகத் தொற்றுடைய தாயின் குருதியில் நோயெதிர்ப்புப் பொருட்கள் உருவாகியிருக்கும். அவை நஞ்சுக்கொடி வழியே குழந்தையையும் அடைந்து காக்கின்றன. ஆகவே மீள்தாக்குதல் உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்குத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. பழைய தொற்றுடையோரையும் கர்ப்பத்தின் முற்பாதியில் தொற்றியோரையும் சேர்த்துக் கணக்கிட்டால், இது 1 விழுக்காட்டுக்கும் குறைவாகும். மாறாக, கர்ப்பத்தின் இறுதி வாரங்களில் முதன்முதலாகத் தொற்று ஏற்பட்டால், நோயெதிர்ப்புப் பொருட்கள் உருவாகிக் குழந்தையை அடையும் முன்னரே பிரசவம் நிகழ்ந்துவிடும். அந்நிலையில் தொற்றும் வாய்ப்பு 30 முதல் 50 விழுக்காடு வரை உயர்கிறது.

இதனால், தனக்கு ஹெர்ப்பிஸ் உண்டு என்று அறிந்த பெண்ணை விட, தொற்றே இல்லாமல் இருந்து கடைசி மாதங்களில் அதனைப் பெறும் பெண்ணின் குழந்தைக்கே ஆபத்து மிகுதி. கணவனுக்குத் தொற்று இருந்து மனைவிக்கு இல்லையெனில், இறுதி மூன்று மாதங்களில் வாய்வழி உறவு உட்பட பாலுறவைத் தவிர்க்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். ஆணுறை ஆபத்தைக் குறைக்குமேயன்றி முற்றிலும் நீக்காது.

கண்டறிதல்

புண்ணிலிருந்து எடுக்கப்படும் நீரைப் பி.சி.ஆர். முறையில் ஆய்வது நம்பகமான சோதனையாகும். தீநுண்மத்தின் வகையைப் பிரித்தறியும் ஐ.ஜி.ஜி. குருதிச் சோதனை, தொற்று பழையதா புதியதா என்பதை முடிவு செய்ய உதவும்.

இந்தியாவில் கருவுற்ற பெண்களுக்கு எச்.ஐ.வி., சிபிலிசு எனப்படும் மேகப்புண் ஆகியவற்றுக்கான சோதனைகள் வழக்கமாகச் செய்யப்படுகின்றன. ஹெர்ப்பிசுக்கு அவ்வாறு செய்யப்படுவதில்லை. எனினும் டார்ச் எனப்படும் தொகுப்புச் சோதனையில் ஹெர்ப்பிசுக்கான ஐ.ஜி.எம். அளவும் இடம்பெறுகிறது. இது புதிய தொற்றையும் மீள்தாக்குதலையும் பிரித்துக் காட்டாது. தவறாகவும் தொற்று உண்டு எனக் காட்டலாம். எனவே இம்முடிவை மட்டும் கொண்டு அச்சமடைவதோ கருக்கலைப்புக்கு முடிவெடுப்பதோ தவறாகும்.

மருத்துவம்

தீநுண்மத்தை உடலிலிருந்து முற்றிலும் அகற்றும் மருந்து இல்லை. அதன் பெருக்கத்தைத் தடுக்கும் அசைக்ளோவிர் முதன்மையான மருந்தாகும். இம்மருந்தை உருவாக்கிய ஆய்வுக் குழுவில் முக்கிய பங்காற்றிய கெர்ட்ரூட் எலியன், 1988 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கர்ப்பகாலத்தில் அசைக்ளோவிர் உட்கொண்ட தாய்மாரின் விவரங்கள் 1984 முதல் 1999 வரை ஒரு பதிவேட்டில் திரட்டப்பட்டன. பிறவிக் குறைபாடுகள் கூடியதாக அதில் தெரியவரவில்லை.

மீள்தாக்குதல் உள்ள பெண்களுக்குப் பெரும்பாலும் 36 ஆவது வாரத்திலிருந்து பிரசவம் வரை, நாளொன்றுக்கு மூன்று முறை 400 மில்லிகிராம் அசைக்ளோவிர் பரிந்துரைக்கப்படுகிறது. இதனால் பிரசவ நேரத்தில் புண் தோன்றுவதும் அறுவையின் தேவையும் குறைகின்றன.

பிரசவ முறை

முன்பு ஹெர்ப்பிஸ் வந்திருந்தது என்பதற்காக மட்டும் சிசேரியன் எனப்படும் அறுவை மகப்பேறு தேவையில்லை. பிரசவ வலி தொடங்கும்போது புண்ணோ முன்னறிகுறியோ இல்லையெனில் இயல்பான பிரசவமே போதுமானது. புண்ணோ முன்னறிகுறியோ இருந்தாலும், கர்ப்பத்தின் இறுதி வாரங்களில் முதல் தொற்று ஏற்பட்டிருந்தாலும் அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகர ஆய்வாளர்கள் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவ நேரத்தில் தீநுண்மம் கண்டறியப்பட்ட 202 தாய்மாரில், அறுவை மூலம் பிறந்த குழந்தைகளில் 1.2 விழுக்காட்டினருக்கும், இயல்பாகப் பிறந்தோரில் 7.7 விழுக்காட்டினருக்கும் தொற்று ஏற்பட்டிருந்தது.

இயல்பான பிரசவத்தில் குழந்தையின் உச்சந்தலையில் மின்முனை பொருத்துதல், ஆயுதப் பிரசவம் ஆகியவை இயன்றவரை தவிர்க்கப்படுகின்றன. அவற்றால் ஏற்படும் சிறு கீறலும் தீநுண்மத்துக்கு வாயிலாகும்.

பிறந்த குழந்தையில் நோய்

குழந்தைக்கு நோய் மூன்று வகைகளில் தோன்றுகிறது.

* தோல், கண், வாய் ஆகியவற்றில் மட்டும் கொப்புளங்கள் தோன்றுதல்.
* மூளையைத் தாக்குதல். வலிப்பு, சோர்வு, பால் குடிக்க மறுத்தல் ஆகியன இதன் அறிகுறிகள்.
* கல்லீரல், நுரையீரல் முதலிய பல உறுப்புகளுக்கும் பரவுதல்.

அறிகுறிகள் பெரும்பாலும் முதல் நான்கு வாரங்களுக்குள் தென்படும். கொப்புளம் இல்லாமலும் நோய் வரலாம். மருத்துவம் செய்யாவிடில், பல உறுப்புகளுக்குப் பரவும் வகையில் ஏறத்தாழ 85 விழுக்காட்டுக் குழந்தைகள் இறக்கின்றன. சிரை வழியே உயர்ந்த அளவில் அசைக்ளோவிர் 14 அல்லது 21 நாட்கள் செலுத்தப்படுவதால், இது சுமார் 30 விழுக்காடாகக் குறைந்துள்ளது. மூளை தாக்கப்பட்டுப் பிழைக்கும் குழந்தைகள் பலருக்கு வளர்ச்சிக் குறைபாடு எஞ்சுகிறது. ஆகவே ஐயம் எழுந்தவுடன், சோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்கப்படுகிறது.

பிரசவத்துக்குப் பின்

மார்பில் புண் இல்லாத தாய் பாலூட்டலாம். அசைக்ளோவிர் உட்கொள்வதும் பாலூட்டலுக்குத் தடையன்று. புண்ணைத் தொட்ட கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். உதட்டுப் புண் உள்ள எவரும் பச்சிளங் குழந்தையை முத்தமிடலாகாது. தமிழ்நாட்டில் குடும்பத்துப் பெரியோர் ஒருவர் சர்க்கரை நீரையோ தேனையோ விரலால் குழந்தையின் வாயில் வைக்கும் சேனை வைத்தல் வழக்கம் உள்ளது. குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் தரலாகாது என்பதே பொதுவான மருத்துவ அறிவுரை. வைப்பவருக்கு உதட்டுப் புண் இருப்பின் இவ்வழக்கம் மேலும் தீங்காகும்.

தமிழ்நாட்டில்

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன, 44.9 விழுக்காடு அறுவை மூலம் நடைபெறுகின்றன. சென்னையில் எழும்பூர் அரசு மகளிர் மகப்பேறு மருத்துவமனை 1844 இல் தொடங்கப்பட்டதாகும். கே. கே. நகரில் உள்ள இ. எஸ். ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, காப்பீடு பெற்ற தொழிலாளர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் மகப்பேறு மருத்துவம், தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவம் ஆகியவற்றை ஒரே இடத்தில் வழங்குகிறது. அரசின் பால்வினை நோய் மருத்துவ மையங்களில், தேசிய எய்ட்சு கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டப்படி, ஹெர்ப்பிஸ் புண்ணுக்கான அசைக்ளோவிர் மாத்திரைகள் சிவப்பு நிறப் பொதியில் இலவசமாகத் தரப்படுகின்றன.

வளைகாப்புக்குப் பின் பெண் தாய்வீடு சென்று அங்கேயே பிரசவிக்கும் வழக்கத்தால், கடைசி மாதங்களில் மருத்துவர் மாறிவிடுகிறார். தடுப்பு மருந்து தொடங்க வேண்டிய 36 ஆவது வாரம் இக்காலத்திலேயே வருகிறது. முதல் மருத்துவரிடம் கூறிய செய்தி கர்ப்பகாலப் பதிவேட்டில் எழுதப்படாவிடில், புதிய மருத்துவர் அதனை அறிய வழியில்லை. உறவினர் உடனிருக்கும்போது இதனைக் கூறத் தயங்கும் பெண், தனியே பேச வேண்டும் என மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்கலாம். நோயாளி கூறியவற்றை மறைவாகக் காப்பது, 2002 ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நடத்தை விதிகளின்படி மருத்துவரின் கடமையாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* பால்வினை நோய்கள்
* சின்னம்மை
* அறுவை மகப்பேறு
* தாய்ப்பாலூட்டல்