நோபல் மறுத்த மாத்திரை

பாறசாலை வீட்டில் அப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். நெஞ்சு இறுகினால் நாக்குக்கு அடியில் வைக்கிற நைட்ரேட் மாத்திரை. போன வாரம் போனில், "தலை பொளக்குது மக்கா, இனி இது வேண்டாம்" என்றார்.

இந்தக் குடும்பத்தின் மூத்தது நைட்ரோகிளிசரின். 1847-ல் இத்தாலியின் சொப்ரேரோ அதைத் தயாரித்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கடும் தலைவலி! 1867-ல் ஆல்ஃபிரட் நோபல் அதையே டைனமைட் ஆக்கினார். 1879-ல் லண்டன் டாக்டர் முர்ரெல், நெஞ்சுவலிக்கு அது உதவுவதை எழுதினார். கடைசிக் காலத்தில் இதயநோய் வந்த நோபலுக்கும் டாக்டர் அதையே கொடுத்தார். தலைவலி தரும் என்று அவர் மறுத்துவிட்டார். 1896-ல் இறந்தார்.

உடலுக்குள் இது நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறது. பேங்க் கணக்கில் சொன்னால், சிரைகள் விரிந்து ரத்தத்தை டெபாசிட் போலப் பிடித்துவைக்கும். இதயத்துக்கு வரவு குறையும், வேலையும் குறையும். இதயத்துக்கே ரத்தம் தரும் கரோனரி குழாய்களும் விரியும். தலையிலும் குழாய்கள் விரிவதால்தான் வலி. இந்த நைட்ரிக் ஆக்சைடு ஆராய்ச்சிக்கு 1998-ல் கிடைத்தது எது தெரியுமா? நோபல் பரிசு!

அப்பாவிடம் இதைத்தான் சொன்னேன்: "உக்காந்துட்டுப் போடுங்கப்பா, தலை சுத்தும். நிறுத்துறத டாக்டர் சொல்லட்டும்." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்த நோபலுக்கும் மகன் சொல்லல போல" என்று சிரித்தார்.